தூங்கும்போது ஜெனரேட்டர் வேண்டாம், தங்கச்சி

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் ஒருத்தரும் தூங்கக் கூடாது. நீயும் மாப்பிள்ளையும் இந்த ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டால் எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில், சிங்க், அடுப்பு மேடை எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உன் மாமியார், மாமனார், பிள்ளைகளோடு கோயில் கோயிலாகப் போகப் போகிறீர்கள். வைகாசி கருட சேவைக்கு முதலில் காஞ்சிபுரம்தான் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கரண்ட்டுக்கு என்னக்கா செய்யறது, ஷாக் அடிக்குமா?" என்று போனில் கேட்டாய். பந்தல், லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஷாக் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முதலில் புகை.

வடகரையில் நடந்தது

2024 டிசம்பர் 23-ம் தேதி. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை, கரிம்பனப்பாலம். நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் நெடுநேரம் அசையாமல் நின்றது. சந்தேகப்பட்டுப் பார்த்தபோது உள்ளே இரண்டு ஆண்கள் இறந்து கிடந்தார்கள். ஒருவர் படிக்கட்டருகில், இன்னொருவர் உள்ளே. அடிதடி இல்லை, தீ இல்லை, ஷாக் இல்லை. ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு ஓய்வெடுத்திருக்கிறார்கள். பிறகு கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களும் சேர்ந்து அந்த வண்டியிலேயே சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு, தரைப்பலகையில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது.

அந்தத் துளையை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கொஞ்சம் சீலன்ட் பூசியிருந்தால் அடைபட்டிருக்கும். உன் வண்டியிலும் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வெளியேற, ஒயர் இழுக்க, கேஸ் டியூப் கொண்டுபோக என்று தரையில் எத்தனையோ ஓட்டை போட்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் மாப்பிள்ளையை வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடிக்கச் சொல். நீ உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்கார். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் அடைக்க வேண்டும். பழைய வண்டியில் கதவு ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அதையும் மாற்றிவிடு. ஆனால் எரிகிற கேஸுக்காக விடுகிற காற்றோட்டத் துவாரத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதே.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ விறகோ, எது அரைகுறையாக எரிந்தாலும் வரும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கொஞ்சம் உள்ளே போனாலும் மூச்சு நன்றாக ஓடும்போதே உடம்பு ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு இருமல் வராது, மூச்சடைப்பு தெரியாது, விழிப்பும் வராது. "புகை வந்தால் எழுந்துவிட மாட்டோமா?" என்று மாப்பிள்ளை கேட்டால் இதைப் படித்துக் காட்டு.

நம்ம காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவு வீடுகளை நினைத்துப் பார். பக்கத்துச் சுவர் பொதுச் சுவர், ஜன்னல் வைக்க வழி கிடையாது. முன்னால் தறி, நடுவில் முற்றம், பின்னால் அடுப்படி என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடும். கரண்ட் போனால் தறி நிற்கக் கூடாதே, எலக்ட்ரானிக் ஜக்கார்டு நின்றுவிடுமே என்று சிலர் சின்ன ஜெனரேட்டரை நடையிலேயே வைத்து ஓட்டுவார்கள். மழைக்காலத்தில் நனையாமல் இருக்கட்டும் என்று உள்ளே இழுத்தும் வைப்பார்கள். உன் மாமா வாடகைக்கு அனுப்பும்போதே, "வாசலுக்கு வெளியே வைப்பதாக இருந்தால்தான் தருவேன்" என்று சொல்லி அனுப்புவார். அதனால் போன வியாபாரமும் உண்டு, போகட்டும். சென்னைப் பம்மலில் ராத்திரி கரண்ட் போனதும் வீட்டுக்குள்ளேயே ஜெனரேட்டரைப் போட்டுத் தூங்கிய குடும்பத்தில் மூன்று பேர் காலையில் எழவே இல்லை. வீட்டுக்கே அப்படி என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு காற்றுகூட இல்லாத வண்டிக்குள் எவ்வளவு சீக்கிரம் நிறையும் என்று நீயே யோசி.

எங்கே வைப்பது

வண்டிக்கு அடியில் கூடாது. பின் டிக்கியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டும் கூடாது. வண்டியின் கதவு, ஜன்னல், மேல்துவாரம் எதிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், சைலன்சர் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை உன்னை விட்டு விலகிப் போகும்படி வை. சாயங்காலம் ஒரு பக்கம் அடித்த காற்று பிறகு திரும்பிவிடும், அதையும் அவ்வப்போது கவனி.

வண்டியோடு சேர்த்துப் பொருத்துகிற ஜெனரேட்டர் வேண்டும் என்றால், பெட்டியும் சைலன்சர் குழாயும் அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். பட்டறையில் தகரம் மடித்துச் செய்த பெட்டியை ஒப்புக்கொள்ளாதே. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்று தரநிலையே இருக்கிறது. வண்டியை மாற்றிக் கட்டினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றவும் வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் அபராதத்தோடு நிற்காது, விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஜெனரேட்டர் வேண்டாம், வண்டி எஞ்சினையே ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வரும். அதிலும் அதே வாயுதான். நின்ற இடத்தில் எஞ்சின் ஓட, உள்ளே தூங்குவதும் கூடாது.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. 2019-ல் அத்தி வரதர் எழுந்தருளியபோது, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாளும் ஊரைச் சுற்றி வண்டிகள் ஒட்டி ஒட்டி நின்றதை நீயும் பார்த்தாய். திருவிழாக் காலத்தில் பார்க்கிங் மைதானத்தில் உன் வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையத்தான் இடம் இருக்கும். உன்னிடம் ஜெனரேட்டரே இல்லாவிட்டாலும், பக்கத்து வேன்காரர் ஓடவிட்ட ஜெனரேட்டரின் புகை உன் ஜன்னல் வழியாக உள்ளே வரலாம். "அண்ணே, குழந்தைங்க தூங்குது, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்க" என்று கேட்கத் தயங்காதே. அவர் கேட்கவில்லை என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் நீ வண்டியை நகர்த்து.

இதற்காகத்தான் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கச் சொல்கிறேன். புகை அலாரம் வேறு, கேஸ் கசிவு அலாரம் வேறு. பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பேட்டரியில் இயங்குவதாக இருக்கட்டும். படுக்கும்போது தலை இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில் மாட்டு, அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். அதற்குள் இருக்கும் சென்சாருக்கும் ஆயுள் உண்டு, மாற்ற வேண்டிய வருஷம் பின்பக்கம் அச்சடித்திருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் கிளம்புமுன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அந்தச் சத்தத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்கிவை. அது கத்தினால் ஏன் என்று ஆராயாமல் முதலில் எல்லோரும் வெளியே.

அறிகுறியையும் தெரிந்துகொள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் துவளுதல். பார்த்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலத் தோன்றும். ஆனால் காய்ச்சல் இருக்காது, வண்டிக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும், வெளியே போய் நின்றால் குறையும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மீட்டரை மாட்டி, 98 காட்டுகிறது, பயமில்லை என்று உட்கார்ந்துவிடாதே. அந்த மீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால் நல்ல எண்ணையே காட்டும். 108-ஐக் கூப்பிடு. ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக, "ஜெனரேட்டர் புகை இருந்த வண்டியில் இருந்தோம்" என்று சொல். அதைச் சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனையும் ஆக்சிஜனும் உடனே கிடைக்கும்.

ராத்திரிக்கு ஜெனரேட்டரே தேவைப்படாதபடி செய்

ஜெனரேட்டர் ஓடும்போது தூங்காதே என்று சொல்லிவிட்டேன். சித்திரை, வைகாசி வெயிலில் காஞ்சிபுரத்து ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதற்கு வழி சொல்லாமல் விடமாட்டேன். கணக்கைக் கூட்டிப் பார்.

12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-அவர் இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே கைக்கு வருவது 900. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும், 750 என்று வைத்துக்கொள். பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று 30 வாட். இரண்டு ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 480. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் 20. நாலு போன் சார்ஜ் 60. மொத்தம் 560. ராத்திரி நிம்மதியாகப் போய்விடும், விடிந்தாலும் மிச்சம் இருக்கும். பழைய சாதா ஃபேன் என்றால் ஒன்றே 75 வாட் தின்னும், ஆகவே ஃபேனில் மிச்சம் பிடிக்காதே.

அதே பேட்டரியில் ஒரு டன் ஏ.சி. போட்டால்? கம்ப்ரஸர் ஓடும்போது ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும், முக்கால் மணி நேரத்தில் பேட்டரி காலி. அதனால்தான் ஏ.சி. வைத்த வண்டிகள் எல்லாம் ராத்திரி ஜெனரேட்டரை நம்பி நிற்கின்றன. என் யோசனை: ஏ.சி.யை விட்டுவிடு. கூரைக்கு உள்பக்கம் நல்ல இன்சுலேஷன், எதிரெதிர் ஜன்னலில் கொசுவலை, மேலே காற்றை வெளியே தள்ளும் ஒரு ஃபேன். வெயில் தாளாத நாளில் லாட்ஜில் அறை எடுத்துப் பெரியவர்களைப் படுக்கவை. கட்டாயம் ஏ.சி. வேண்டும் என்றால் எல்லோரும் விழித்திருக்கும் சாயங்காலத்தில், ஜெனரேட்டரைத் தள்ளி வைத்து, வண்டியைக் குளிரவைத்துவிட்டு, படுக்குமுன் அணைத்துவிடு.

கூரையில் 400 வாட் சோலார் பேனல் போட்டால் நம்ம ஊர் வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் பக்கம் கிடைக்கும், ராத்திரி செலவானது மறுநாள் நிரம்பிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதல், ஆனால் எண்பது சதவீதம் வரை எடுக்கலாம், எடையும் குறைவு. டியூபுலர் பேட்டரி வாங்கினால் அதைக் கட்டிலுக்கடியில் மூடிவைக்காதே. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். வெளியே காற்று போகும் வழியோடு தனிப் பெட்டியில் வைத்து, வண்டி குலுங்கினாலும் அசையாதபடி இறுக்கிக் கட்டு.

பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்று அதை இளக்காரமாக நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காதுதான், ஆனால் வண்டியைக் கொளுத்திவிடும். 12 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்க 83 ஆம்பியருக்குமேல் ஓட வேண்டும். வீட்டு வயரைப் போட்டால் பழுத்துச் சிவந்துவிடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு கேபிள், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் வயர் உரசித் தகரத்தில் பட்டாலும் ஃபியூஸ் போகாது.

எதை எப்போது போடுவது என்பதும் முக்கியம். ஒரு கே.வி.ஏ. கைப்பிடி ஜெனரேட்டர் 800 வாட் பக்கம்தான் தாங்கும். மிக்ஸி 500 முதல் 750, அயர்ன் பாக்ஸ் 1,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. ஃபிரிட்ஜ், மோட்டார் போன்றவை கிளம்பும் நொடியில் மூன்று மடங்கு இழுக்கும். கருட சேவைக்குக் கட்ட வேண்டிய பட்டுப்புடவையை வீட்டிலேயே அயர்ன் செய்து மடித்து எடுத்து வா, சட்னிக்குப் பொடி அரைத்து வா, ஜெனரேட்டர் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஷாக்கும் எர்த்தும்

230 வோல்ட் ஓடும் பகுதிக்கு உரிமம் பெற்ற வயர்மேனைத்தான் வைக்க வேண்டும். டிங்கரிங் செய்தவரே வயரும் இழுத்துத் தருவதாகச் சொல்வார், வேண்டாம். வண்டியின் உடம்பு முழுக்க இரும்பு. எங்கே ஒரு வயர் தோல் உரிந்தாலும் நீ பிடிக்கும் கைப்பிடியிலேயே கரண்ட் நிற்கும், அதிலும் டயர் மேல் நிற்கும் வண்டி. கால் தரையிலும் கை கதவிலும் வைக்கும் அந்த நொடியில், உன் உடம்பு வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். ஆகவே வண்டியின் சேஸிஸ் எர்த் வயரோடு இணைந்திருக்க வேண்டும், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த ஆர்.சி.சி.பி. பற்றி வயர்மேனிடம் ஒரு கேள்வி கேள்: "ஜெனரேட்டரில் ஓடும்போதும் இது விழுமா?" சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது. அப்படியிருந்தால் கசிவு ஏற்பட்டாலும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாமல் போகலாம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் விழும், ஏனென்றால் அந்தச் சோதனை பெட்டிக்குள்ளேயே நடப்பது. அதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. ஈ.பி. கரண்ட், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் மூன்றிலும் தனித்தனியாக மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்.

சத்திரத்திலோ கல்யாண மண்டபத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ கரண்ட் எடுக்கும்போது கேட்டு எடு. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கொடுக்க ஆள் வருவான், அது 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி திருட்டு, அதைவிட உயிருக்கே ஆபத்து. ப்ளக் இல்லாமல் இரண்டு வயரைச் செருகித் தீக்குச்சி வைத்து நிறுத்துகிற வழக்கம் திருவிழாக் கடைகளில் இன்னும் இருக்கிறது. உன் வண்டி வயரில் அப்படி யாரையும் கை வைக்க விடாதே. மூன்றாவது பின்னை உடைத்து எறியவும் விடாதே. எக்ஸ்டென்ஷன் மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர், இடையில் ஒட்டு இல்லாத ஒரே நீளமாக வாங்கு. சுருளாகச் சுற்றியபடி ஓட்டாதே. சூடு வெளியேற வழியில்லாமல் நடுச்சுற்று உருகிவிடும். தேவை மூன்று மீட்டர்தான் என்றாலும் முழுக்கப் பிரித்துவிடு.

இரண்டு பக்கமும் ப்ளக் வைத்த வயர் ஒன்று செய்து, ஜெனரேட்டர் கரண்ட்டை வீட்டுப் பிளக் பாயிண்ட் வழியாக உள்ளே அனுப்புகிறவர்கள் உண்டு. வண்டியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தும்போது கரண்ட் போனால் மாப்பிள்ளைக்கும் அந்த எண்ணம் வரலாம். செய்யவே கூடாது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறும். லைன் ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத் தொடுவார். வண்டியில் ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வை. ஈ.பி. அல்லது ஜெனரேட்டர், ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

ஊருக்குள் வரும்போது

ராஜ வீதிகளில் திருவிழா நேரத்தில் வண்டியை நுழைக்காதே, போலீஸும் விடாது. மற்ற நாளில் தெருவுக்குள் வந்தால் உன் கண் மேலே இருக்க வேண்டும். தெருவைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. ஆனால் வீட்டுக்கு இழுத்த சர்வீஸ் வயர், கேபிள் டி.வி. வயர், பந்தல் சீரியல் செட் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். கூரையில் சோலார், அதன்மேல் சாமான், அதன்மேல் கொடி என்று நீ ஏற்றிவிட்டால் உயரம் எவ்வளவு என்று உனக்கே தெரியாது. அளந்து, டிரைவர் கண்ணுக்கு நேராக எழுதி ஒட்டு. தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடியற்காலை அப்பர் சதய விழாச் சப்பரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பதினோரு பேர் போனார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. தேர் வரும் தெருவில் ஈ.பி.காரர்கள் லைனை நிறுத்தி வைப்பார்கள், உன் வண்டிக்காக யாரும் நிறுத்தமாட்டார்கள்.

அப்படியும் கம்பி பட்டுவிட்டால் உள்ளேயே உட்கார். இறங்கக் கூடாது, யாரையும் கிட்டே வரவிடக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதி. குதித்த பின் எட்டு வைத்து ஓடாமல், கால்களை ஒட்டியபடி தரையில் தேய்த்துத் தேய்த்து விலகிப் போ. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, போனில் பதிந்து வை.

உன் பெண்ணுக்காக ஒன்று. நம்ம மாவட்டத்திலேயே விச்சூரில் சாமி ஊர்வலத்தின்போது வண்டியில் வைத்திருந்த ஜெனரேட்டரில் தலைமுடி சிக்கி ஒரு பள்ளிச் சிறுமி இறந்துபோனாள். விளக்குக்காக ஏற்றிய ஜெனரேட்டர், விளக்கையும் சாமியையும் பார்க்க ஏறிய குழந்தை. அதை என்னால் மறக்க முடியவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது பிள்ளைகள் அருகில் போகவே கூடாது. பெரியவர்களும் முடியைக் கொண்டை போட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, துப்பட்டாவைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். கவர் இல்லாத பெல்ட்டோ சக்கரமோ உள்ள ஜெனரேட்டரை வாடகைக்கும் எடுக்காதே.

பெட்ரோலை ஓடும் எஞ்சினில் ஊற்றாதே. அணைத்து, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு ஊற்று. வாட்டர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வண்டிக்குள் வைக்க வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். சமையல் கேஸும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். நின்றிருந்த பெட்டி அது, விடியற்காலை. உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க, உன் வண்டிக்கு வழக்கமான கதவைத் தவிர, பெரியவர்களும் இறங்கக்கூடிய இன்னொரு வழி வேண்டும். ராத்திரி உள்ளே பூட்டுப் போடாதே, தாழ்ப்பாள் போதும். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே மாட்டு. அடுப்பருகே மாட்டினால் தேவைப்படும்போது எடுக்க முடியாது.

மழையில் ஜெனரேட்டர் நனையக் கூடாது, அதற்காகத் தார்ப்பாயைப் போர்த்தி மூடவும் கூடாது. நாலு பக்கமும் திறந்த கூரை மட்டும் போட்டு, கீழே செங்கல் வைத்து உயர்த்து. ஈரக் கையால், செருப்பில்லாமல் தொடாதே. ராத்திரி பத்து மணிக்குமேல் எப்படியும் அணைத்துவிடுவாய், அது தெருவுக்கும் நல்லது. தறிக்காரர்கள் விடியலுக்கு முன் எழுந்து தறிக்குழியில் இறங்குகிறவர்கள், அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய் இழுக்காதே. உன் கை அவர்களை நோக்கித்தான் போகும், பெற்ற மனசு அப்படி, ஆனாலும் முதலில் மெயினை அணை. மெயின் எங்கே என்று மாமியார் முதல் சின்னவன் வரை எல்லோருக்கும் காட்டிவை, அதன்மேல் சிவப்புப் பெயின்ட் அடி. அணைக்க முடியாவிட்டால் காய்ந்த கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடு. உயர் அழுத்தக் கம்பி என்றால் அதுவும் உதவாது, விலகி நின்று ஈ.பி.யைக் கூப்பிடு. மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, இரண்டங்குலம் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இரு, 108 வரும்வரை நிறுத்தாதே. எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடு.

வயரிங் முடிந்ததும், உள்பக்கம் பலகை அடிப்பதற்கு முன்பே, எந்த வயர் எங்கே ஓடுகிறது என்று போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பு. பலகை அடித்த பிறகு அனுப்பினால் அவரால் எதையும் சொல்ல முடியாது.